வெனீரும் அதன் விளிம்பும்

முன்பற்களின் கறையையும் சிதைவையும் மறைப்பதற்காக அவற்றின் முகப்பில் ஒட்டப்படும் வெனீர் என்னும் பீங்கான் தகடு, ஒரு காலத்தில் சினிமா நடிகர்களுக்கே உரிய அலங்காரமாக இருந்து, இன்று திருமங்கலம் போன்ற ஊர்களிலும் கலியாணத்துக்கு நிற்கும் இளைஞர்கள் விசாரிக்கும் சிகிச்சையாகிவிட்டது. 1928-இல் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் வைத்தியர் நடிகர்களுக்குச் செய்துகொடுத்த தகடுகள் படப்பிடிப்பு முடியும்வரை நின்றாலே போதும் என்ற அளவில்தான் ஒட்டியிருந்தன. எனாமலை அமிலத்தால் நுண்மையாக அரித்துவிட்டால் அதன்மேல் பிசின் இறுகப் பற்றும் என்று மைக்கேல் புவனோகோர் 1955-இல் வெளியிட்டதும், 1980-களில் பீங்கானின் உட்புறத்தையும் அவ்வாறே அரித்து ஒட்டும் முறை வந்ததுமே அவை நிலைபெற்றதற்குக் காரணம்.

விரல் நகத்தைப் போல அரை மில்லிமீட்டர் கனமே உள்ள இந்தத் தகட்டில் சொத்தை விழுவதில்லை. ஆனால் அது முடிந்து இயற்கைப் பல் தொடங்குகின்ற ஈறோரத்து விளிம்பில் உணவுத் துணுக்குகள் தங்கி, கிருமிகள் அவற்றின் சர்க்கரையை அமிலமாக்க, முன்னே பீங்கான் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே பின்னே பல் அரிபட்டுப்போகும். ஆகவே மிருதுவான பிரஷை ஈறோரமாகச் சாய்த்து இருவேளையும் தேய்ப்பதும், பல்லிடுக்கில் நூல் விட்டு எடுப்பதும் மிக அவசியம். உமிக்கரியும் செங்கற்பொடியும் பீங்கானின் மெருகைக் கீறிவிடும். கீறிய இடத்தில் அழுக்கு விரைவில் தங்கும். வெற்றிலைக் கறை பீங்கானில் எளிதில் ஏறாது, ஒட்டிய பிசினின் விளிம்பில் ஏறும். தகடே பிசினால் ஆனதாயின் முழுவதிலும் ஏறும்.

மல்லிகைச் சரம் தொடுப்பவர்கள் முடிச்சுப் போட்டதும் நூலைப் பல்லில் வைத்து வெடுக்கென்று இழுத்து அறுப்பதை நம் பூக்கடைகளில் நித்தமும் காணலாம். அழுத்தத்தைத் தாங்கும் பீங்கான், நுனியில் இவ்வாறு ஒரு பக்கமாக இழுக்கும் விசையைத் தாங்காது, விண்டுவிடும். நல்லி எலும்பும் கொட்டைப்பாக்கும் கரும்பும் முன்பல்லுக்கு ஆகாதவையே. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்து தரும் உறையை இரவில் அணிந்துகொள்வது நல்லது.

தகடு கழன்றுவிட்டால், கடையில் விற்கும் பசையால் தாமே ஒட்டிக்கொள்ளும் விபரீதத்தில் இறங்காமல், அதைச் சிறு டப்பியில் பத்திரப்படுத்திக்கொண்டு வைத்தியரிடம் உடனே செல்லவேண்டும். உடையாமல் இருந்தால், பெரும்பாலும் அதையே சுத்தம் செய்து மறுபடியும் ஒட்டிவிடுவார்.