கரிமருந்துத் துப்பாக்கி: வெடிக்காமல் போவது ஏன், கசடை நீக்குவது எப்படி?

1841 மே 30. சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே, நெல்வயல்களுக்கு நடுவே, மதராஸ் 37ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி கொட்டும் மழையில் மற்றப் படைகளிடமிருந்து பிரிந்து சிக்கிக்கொண்டது. ஏறத்தாழ 60 சிப்பாய்கள். சுற்றிலும் ஈட்டியும் கத்தியும் ஏந்திய ஆயிரக்கணக்கான கிராமத்தார். சிப்பாய்களின் கையில் இருந்தவை சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கிகள். விசையை இழுத்தார்கள், கல் உரசியது, மருந்து பற்றவில்லை. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை மட்டும் நம்பிச் சதுரமாக நின்று தாக்குப்பிடித்தார்கள். இருட்டிய பிறகு தேடி வந்த மரீன் படையினரிடம் கேப்பு என்னும் சிறு வெடித் தொப்பி வைத்துச் சுடும் புது வகைத் துப்பாக்கி இருந்தது. அது ஈரத்திலும் சுட்டது. கம்பெனி மீட்கப்பட்டது.

பிரிட்டன் சீனாவுடன் நடத்திய அந்தப் போருக்கான கப்பல்கள் 1840இல் வந்து திரண்ட துறைமுகம் சிங்கப்பூர். அக்காலத்தில் சிங்கப்பூரைக் காவல் காத்தவர்களும் மதராஸ் படையினரே. ஊட்ரம் வட்டாரத்தில் சிப்பாய்களின் குடியிருப்பு இருந்த பகுதி சிப்பாய் லைன்ஸ் எனப் பெயர் பெற்றது. மிளகு, கேம்பியர் தோட்டத் தொழிலாளர்களைப் புலி அடித்துக்கொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டில், இந்தியக் கைதிகள் சிறு குழுக்களாகப் புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டதும் இந்தத் தீவில்தான். குழல் வாய்வழியே மருந்தையும் குண்டையும் போட்டு இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கிகளின் காலம் அது. புலிக்கு எதிரே நிற்பவனுக்கு முதல் வெடி பொய்த்துவிட்டால், இரண்டாவது முறை கெட்டிக்க நேரம் இருக்காது.

இத்தகைய துப்பாக்கியைத் தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள், இலங்கையில் இடியன் துவக்கு என்பார்கள். குடகு நாட்டுக் குடும்பங்களில் இன்றும் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு இந்த வகைத் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் ஒதுக்குகிறார்கள்; அங்கு குடியேறிய தமிழர்களும் அதைக் கையில் எடுக்கலாம். சிங்கப்பூரில் நிலைமை வேறு. உரிமம் இன்றித் துப்பாக்கியோ வெடிமருந்தோ வைத்திருப்பது கடுங்குற்றம். அனுமதியின்றி விலங்குகளை வேட்டையாடவும் முடியாது. தமிழ்நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆகவே கீழே வருவது, சட்டம் இடம் தரும் நாட்டில் உரிமத்தோடு சுடுபவருக்கும், அருங்காட்சியகத்தில் இந்தக் கருவியைப் பார்த்து இது எப்படி வேலை செய்தது என்று அறிய விரும்புபவருக்கும் உரியது.

தீ செல்லும் வழி

இந்தத் துப்பாக்கியில் தீ மூன்று இடங்களைக் கடக்க வேண்டும். முதலில் பொறி பிறக்க வேண்டும். அது ஊசித் துளை போன்ற ஒடுங்கிய பாதை வழியே குழலுக்குள் போக வேண்டும். அங்கே காய்ந்த மருந்து காத்திருக்க வேண்டும். துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று தவறியிருக்கிறது. தவறியது எது என்று காண்பதே பழுதறியும் முறை.

பழைய வகையில், குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் கவ்விய கல், எஃகுத் தகட்டை உரசிக் கிண்ணத்தில் இட்ட பொடிமருந்தைப் பற்றவைக்கும். அந்தத் தீ பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே போகும். திறந்த கிண்ணத்துக்கு மழை பகை. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் தானே வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிறு செம்புத் தொப்பி வடிவிலான கேப்பு. அது நிப்பிள் எனப்படும் துளையுள்ள காம்பின் மேல் உட்காரும். குதிரை அடித்ததும் வெடித்துத் தீயை உள்ளே செலுத்தும். 1834இல் வுல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் இரு வகையையும் ஒப்பிட்டது. வகைக்கு 6,000 முறை சுட்டதில் கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது; கேப்புத் துப்பாக்கி 36 முறைதான். கான்டன் வயலில் நின்ற மதராஸ் சிப்பாய்களுக்கு அந்தப் புதுத் துப்பாக்கி இன்னும் வந்து சேரவில்லை.

வெடிக்காத நொடியில் செய்ய வேண்டியது

பழுதைத் தேடுவதற்கு முன்னால் உயிரைக் காக்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காத துப்பாக்கி, வெடிக்கப் போகும் துப்பாக்கியாகவும் இருக்கலாம். ஈரம் ஏறிய மருந்து சில நொடி கனன்றுவிட்டுத் திடீரென வெடிப்பது உண்டு. குழலை ஆளில்லாத, குண்டு தாங்கும் திசையில் அப்படியே வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள். குழல் வாய்க்கு மேல் முகத்தையோ கையையோ கொண்டுபோகாதீர்கள். என்ன ஆயிற்று என்று உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கருவியில் மிக ஆபத்தான செயல்.

ஒரு நிமிடம் கழிந்த பின் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கேப்பு வெடித்ததா, இல்லையா? விடை அதிலேயே பாதி இருக்கிறது.

கேப்பே வெடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் அது காம்பின் மேல் முழுதாக இறங்கி உட்காரவில்லை. குதிரையின் முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில் வெடிக்கும். இது அடிக்கடி நடந்தால் கேப்பின் அளவு காம்புக்குப் பொருந்தவில்லை, அல்லது காம்பின் நுனி நசுங்கியிருக்கிறது, அல்லது குதிரையின் வில் தளர்ந்திருக்கிறது. கேப்பு ஈரம் பட்டதாகவும் இருக்கலாம்.

கேப்பு வெடித்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் பாதை அடைபட்டிருக்கிறது, அல்லது மருந்து கெட்டிருக்கிறது. மெல்லிய கம்பியை நிப்பிள் துளையில் விட்டுக் குடைந்து புதுக் கேப்பு வைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், மறுபடியும் ஒரு நிமிடம் காத்திருந்து நிப்பிளைக் கழற்றி, அதன் அடியில் சில துகள் நுண்மருந்து இட்டு மீண்டும் பொருத்திச் சுடுவது வழக்கம். மருந்து போட மறந்து குண்டை மட்டும் இடித்துவிட்டவருக்கும் இதே வழி உதவும். அந்தச் சிறு மருந்தின் அழுத்தத்தில் குண்டு வெளியேறிவிடும். ஆனால் சுடுவதற்கு முன் குண்டு அடிவரை இறங்கியிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதுவும் பலிக்காவிட்டால் நிப்பிள் வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக நனைத்துச் செயலிழக்கச் செய்த பிறகே, திருகாணி முனையுள்ள கம்பியால் குண்டைப் பிடுங்க வேண்டும்.

கல் துப்பாக்கியில் பார்க்க வேண்டியவை வேறு. கல்லின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, எஃகுத் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, கிண்ணத்து மருந்து நமுத்துவிட்டதா, பக்கத்துளை அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கிண்ணத்தை நிறைத்துவிடுவதும் தவறு. துளையை மருந்தே மூடிக்கொண்டால் தீ பாய்ந்து செல்லாமல் மெல்ல எரிந்துகொண்டு போகும்; வெடி தாமதிக்கும்.

கசடு எங்கிருந்து வருகிறது

கரிமருந்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு, 15 விழுக்காடு கரி, 10 விழுக்காடு கந்தகம். எரிந்த பின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை, திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாக வெளியே போகிறது. மற்றது குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு ஆகியவை அதில் முக்கியமானவை. இவற்றில் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும் இயல்புடையது.

சிங்கப்பூரில் உப்பு ஜாடியை மூடாமல் வைத்தால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். பொழுது விடிவதற்கு முன் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அத்தகைய காற்றில் கசடு படிந்த குழலை ஓர் இரவு விட்டால் உள்ளே காரத்தன்மையுள்ள உப்புக்குழம்பு உருவாகி எஃகை அரிக்கத் தொடங்கும். வறண்ட ஊரில் கதை வேறு. அங்கே கசடு ஓடுபோல் இறுகிவிடும். அடுத்த குண்டு பாதியில் நின்றுவிடும்.

குண்டு பாதியில் நிற்பது வெறும் தொல்லை அல்ல. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் புடைக்கலாம், வெடித்துச் சிதறவும் செய்யலாம். இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. சுத்தமான குழலில் சரியான அளவு மருந்தும் குண்டும் போட்டு, இடிக்கும் கம்பி குழல் வாயைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு வாய்மட்டத்துக்கு வந்ததா என்று பாருங்கள். மேலே நின்றால் சுடாதீர்கள்.

கசடை இளக வைக்கத்தான் தோட்டாவுக்குக் கொழுப்பு தடவினார்கள். 1857க்கு முன் வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவிலும் அதற்காகவே கொழுப்பு இருந்தது. அது பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்று பரவிய செய்தி வங்காளப் படையின் கிளர்ச்சிக்கு வித்திட்டது. குழலுக்குள் படியும் கசடு ஒரு பேரரசையே உலுக்கிய வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான். இன்று தேன்மெழுகும் தாவர எண்ணெயும் சேர்த்த களிம்பு போதும். கெட்டிக்கும்போது பெட்ரோலிய எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள்; கசடோடு சேர்ந்து அது தார்போல் ஒட்டும்.

சுடும் இடைவேளையில்

செந்தோசாவின் சிலோசோ கோட்டையில் வாய்வழி நிரப்பும் 19ஆம் நூற்றாண்டுப் பீரங்கிகளை இன்றும் காணலாம். இவ்வகைப் பீரங்கியைச் சுட்டவர்கள் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நீளக் கோலில் கட்டிய ஈரப்பஞ்சை உள்ளே விட்டுத் துடைத்தார்கள். எஞ்சிய கங்கு அணையும், கசடும் இளகும். துப்பாக்கிக்கும் இதே பாடம்தான்: இரண்டொரு முறை சுட்டதும் இலேசாக ஈரமாக்கிய துணித்துண்டை ஒருமுறை விட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். துணி சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது. குழலுக்கு இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. இறுகினால் கசடை அடிக்குத் தள்ளித் தீப்பாதையையே அடைத்துவிடும். துடைத்த பிறகும் வெடி பொய்த்தால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு இருந்தால் குடுவை முழுதும் வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்தே போடுங்கள். புகையற்ற நவீன மருந்தை இந்தக் குழலில் ஒருபோதும் போடக்கூடாது.

தண்ணீரே மருந்து

ஈரம் கெடுத்த குழலை ஈரமே சுத்தம் செய்யும். கசடின் பெரும்பகுதி நீரில் கரையும் உப்பு. அதற்கு விலையுயர்ந்த திரவம் தேவையில்லை. சுட்ட அன்றே இதைச் செய்துவிட வேண்டும்.

முதலில் கோடிட்ட கம்பியை உள்ளே விட்டுக் குழல் காலியாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, நிப்பிளையும் கழற்றி, குழலின் அடிப்பாகத்தை வாளியில் உள்ள வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் நிறுத்துங்கள். துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் நீர் துளை வழியே உறிஞ்சப்பட்டு ஏறி இறங்கும். கறுத்த நீரோடு அழுகிய முட்டை வாடை வரும். கசடிலுள்ள சல்பைடு நீரோடு சேர்வதன் அடையாளம் அது. நீர் தெளியும் வரை தொடர்ந்துவிட்டு நல்ல நீரில் அலசுங்கள். கொதிநீர் வேண்டாம், சூடான எஃகில் நொடியில் மென்துரு பூக்கும். துணி உலர்ந்து வெளியே வரும் வரை துடைத்து, எண்ணெய் தடவிய துணியை விடுங்கள். நிப்பிளின் திருகு மரையில் சிறிது கிரீஸ் பூசினால் அடுத்த முறை எளிதாகக் கழலும். குதிரையையும் அதைச் சுற்றிய பகுதியையும் துடைக்க மறக்காதீர்கள்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் துரு தொடங்கிவிட்டது. மீண்டும் கழுவி உலர்த்தி எண்ணெயிட வேண்டும். அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுங்கள். பிறகு குழல் வாயை ஒரு புல்லிதழை நோக்கிப் பிடித்து, மருந்து போடாமல் கேப்பை மட்டும் வெடியுங்கள். புல் அசைந்தால் தீப்பாதை திறந்திருக்கிறது, மருந்தைப் போடலாம். அசையாவிட்டால், பொய்க்கப் போகும் வெடியின் காரணம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டே தொடருங்கள்.