கணினி எந்தப் படியில் நிற்கிறது?

"மா, கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குது. விண்டோஸ் சின்னம் வருது, வட்டம் சுத்துது, அணைஞ்சி போயி மறுபடியும் முதல்ல இருந்து வருது."

பருவ விடுமுறைக்கு லூமுட் வீட்டிற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தொலைபேசியில் சொன்னது இது. முந்தின நாள் மாலை இடியோடு மழை. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டதாம்.

அப்பா கணினியை ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஃபார்மட் பண்ணணும். உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்." அப்பா சம்மதிக்கவில்லை. அதற்குள் தாத்தாவின் குரல் இருந்தது.

நான் நான்காம் படிவத்தில் படித்தபோது வரலாற்று இடுபணிக்காகத் தாத்தாவைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தேன். ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போன கதை, கங்காணியிடம் ஏச்சு வாங்கிய கதை என்று நான்கு மணி நேரப் பேச்சு. தாத்தா போன ஆண்டு இறந்துவிட்டார். அந்தப் பதிவுக்கு வேறு நகல் கிடையாது. 'நாளைக்கு எடுத்துவைக்கலாம்' என்றே மூன்று ஆண்டுகளை ஓட்டியவள் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒன்றைத்தான் பார்த்தேன்: கணினி எந்தப் படியில் நிற்கிறது?

கணினி விழித்தெழுவதில் மூன்று படிகள் உண்டு. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் தன் உறுப்புகளைச் சோதிக்கும். இதைப் பயாஸ் என்பார்கள். புதிய கணினிகளில் யூஇஎஃப்ஐ. விளக்கே எரியாவிட்டால் மின்கம்பி, சுவிட்ச், பவர் சப்ளை ஆகியவற்றைப் பாருங்கள். விசிறி சுற்றியும் திரை இருட்டாக இருந்து 'பீப்' ஒலி கேட்டால், பெரும்பாலும் ரேம் தளர்ந்திருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே பல கணினிகள் எழுந்துகொள்ளும்.

இரண்டாம் படியில், இயங்குதளம் எந்த வட்டில் இருக்கிறது என்று கணினி தேடும். 'பூட் சாதனம் இல்லை' என்று செய்தி வந்தால், மறந்து செருகிவைத்த பென்டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வட்டைச் சந்தேகப்படலாம்.

மூன்றாம் படியில்தான் விண்டோஸ் ஏறுகிறது. எங்கள் கணினி இங்கேதான் தடுக்கி விழுந்தது. சின்னம் வரை வந்துவிட்டதால் வன்பொருள் பெரும்பாலும் நலம். மென்பொருளில்தான் கோளாறு.

உலகையே நிறுத்திய ஒரு கோளாறும் இதே படியில் நடந்ததுதான். 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்றால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டில் ஏர் ஏசியா பயணிகளும் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். அந்தக் கணினிகளை எழுப்ப ஃபார்மட் தேவைப்படவில்லை. பாதுகாப்பு முறையில் நுழைந்து, பழுதான ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் பல இடங்களில் அதை ஒவ்வொரு கணினியாகக் கையால் செய்ய வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்த கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்டன. உங்கள் கணினியின் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பலருக்கு அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

பழுது பார்க்கும் முன் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். தோழியின் மடிக்கணினியில், 16 ஜிபி பென்டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றினேன். அதைச் செருகி எஃப்12 விசையை அழுத்தினேன் (சில கணினிகளில் இது எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப்). திரையில் 'நிறுவு' என்பதைத் தொடாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தேன். 'நிறுவு' என்பதைத் தொட்டிருந்தால் வட்டே அழிந்திருக்கலாம். எங்கள் வட்டில் பிட்லாக்கர் இல்லாததால் கோப்புகள் அப்படியே தெரிந்தன. எல்லாவற்றையும் வெளி வன்தட்டுக்கு மாற்றினேன். ஒன்று நினைவிருக்கட்டும்: வட்டிலிருந்து 'டக் டக்' ஓசை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் இருப்பதும் போய்விடும்.

பிறகுதான் பழுது பார்த்தேன். விண்டோஸ் தொடர்ந்து சில முறை எழ முடியாமல் போனால் பழுது நீக்கும் திரை தானே வரும். அதில் 'டிரபல்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று போக வேண்டும். 'ஸ்டார்ட்-அப் ரிப்பேர்' கைகொடுக்கவில்லை. அடுத்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' மூலம் கடைசிப் புதுப்பிப்பை நீக்கினேன். அரை மணி நேரம் கழித்து வரவேற்புத் திரை வந்தது. செலவு ஒரு சென் கூட இல்லை.

ஃபார்மட் செய்வது தவறில்லை. ஆனால் அது கடைசி வழி. கடைக்குக் கொடுத்தாலும், "முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கியமான கோப்புக்கு மூன்று நகல்கள் வேண்டும். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இப்போது கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று.

அன்றிரவு பதிவைப் போட்டேன். முதலில் தாத்தாவின் இருமல், பிறகு "ஓடுதா, பேசலாமா?" என்ற கேள்வி. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இதுலயும் ஒண்ணு போட்டுக் கொடு, மா."