காய்ச்சல் நாளும் பழைய படமும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வம் ஆண்டுக்கு இரண்டொரு முறையேனும் நம் கையைவிட்டு நழுவத்தான் செய்கிறது. பள்ளிக்கு விடுப்புக் கடிதம் அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும் அந்நாட்களில் நாம் எதை விரும்பிப் பார்க்கிறோம்? இக்கேள்வியை எங்கள் வகுப்புத் தோழியரிடம் எழுப்பினோம். கிடைத்த விடைகள் வியப்பையும் சிரிப்பையும் ஒருங்கே தந்தன.

ஒருத்தி 'டாம் அண்ட் ஜெர்ரி' பார்க்கிறாள். நலமாக இருக்கும்போது அதைச் சின்னப் பிள்ளைகள் படம் என்று தம்பியைக் கேலி செய்பவளும் அவளே. இன்னொருத்தி 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் தருமியாக வந்து புலம்பும் கட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். கிரிக்கெட் என்றாலே ஓடும் ஒருத்தி, காய்ச்சல் வந்தால் டெஸ்ட் பந்தயம் பார்க்கிறாள். தூங்கி விழித்தாலும் அதே ஆட்டக்காரர் நின்று ஆடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஆறுதலாம்! எல்லாவற்றிலும் வேடிக்கை, கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காத வேளையில் சமையல் நிகழ்ச்சி பார்க்கும் தோழியின் கதைதான். "வாய்தானே கசக்கிறது, கண் கசக்கவில்லையே" என்கிறாள் அவள்.

இவற்றைக் காணும் அன்னையர் கேட்பது ஒன்றே: "படம் பார்க்கத் தெம்பு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகத் தெம்பு இல்லையோ?" நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடல் இடும் கட்டளை

நோய்க்கிருமிகள் உட்புகுந்ததும், நம் இரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை தரும் செய்தி மூளைக்கு எட்டுகிறது. உடனே மூளை உடலின் வெப்பத்தைக் கூட்டுகிறது. பசியைக் குறைத்து, சோர்வையும் தூக்கத்தையும் வரவழைக்கிறது. உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. கிருமியுடன் போரிட இத்தனை ஆற்றல் வேண்டியிருப்பதால், ஓடியாடும் செலவை உடல் நிறுத்திவிடுகிறது. நோயுற்ற விலங்குகள் உண்ணாமல் மூலையில் சுருண்டு கிடப்பது பலவீனம் மட்டுமன்று, பிழைப்பதற்கான வழி என்று அமெரிக்கக் கால்நடை அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் விளக்கினார். நம் வீட்டுப் பூனையும் காய்ச்சலில் கிடக்கும் நாமும் இதில் ஒன்றே.

அறிந்ததில் உள்ள ஆறுதல்

உடலைப் போலவே மனமும் சிக்கனம் தேடுகிறது. புதிய கதை ஒன்றைத் தொடர்ந்து செல்வது எளிய வேலையன்று. யார் நல்லவர், யார் தீயவர், முன்பு நடந்தது என்ன என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டே அடுத்து என்னவோ என்று பதைக்கவும் வேண்டும். தலை கனக்கும்போது அது முடிகிற காரியமா? பார்த்த படத்தில் அக்கவலை இல்லை. நடுவில் கண்ணயர்ந்தாலும் நட்டமில்லை. 1940-இல் தொடங்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி', 1990-இல் வந்த 'மிஸ்டர் பீன்' ஆகியவற்றில் வசனமே மிகக் குறைவு. அரைத்தூக்கத்திலும் புரியும்.

அறிமுகமான பொருள்மேல் விருப்பம் கூடுவது மனித இயல்பு என்பதைப் பல சோதனைகளால் காட்டியவர் ராபர்ட் சயான்ஸ் என்னும் உளவியல் அறிஞர் (1968). பாட்டி சொல்லும் அதே நரிக்கதையை இரவுதோறும் கேட்டு, ஒரு சொல் மாறினாலும் திருத்தும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முடிவு தெரிந்த கதையில் அச்சமில்லை. நாளை எப்படியிருக்குமோ என்று நோயாளி கலங்கும் நேரத்தில், முடிவு தெரிந்த ஒன்றாவது அருகில் இருப்பது பெரிய துணை அன்றோ?

ஒரு நாடே இதைச் செய்து பார்த்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி எல்லாரும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தபோது, 1987-88-இல் ஒளிபரப்பான 'ராமாயணம்' தொடரைத் தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் மீண்டும் ஒளிபரப்பியது. முடிவு தெரியாத கதையா அது? ஆயினும் மக்கள் ஆவலுடன் பார்த்தனர்.

சிரிப்பு மருந்தாகுமா?

அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நார்மன் கசின்ஸ் 1964-இல் மூட்டுகளைத் தாக்கும் கொடிய நோயால் படுத்த படுக்கையானார். மருத்துவமனை அறையிலேயே படம் காட்டும் கருவியை வைத்து, மார்க்ஸ் சகோதரர்களின் பழைய நகைச்சுவைப் படங்களைப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்தது என்று பின்னர் எழுதினார். அவருடைய சிரிப்பொலி மற்ற நோயாளிகளுக்கு இடைஞ்சலாக இருந்ததாம்! ஒருவருடைய அனுபவம் மருத்துவச் சான்றாகிவிடாது என்பதையும் இங்கே கூற வேண்டும். சிரிப்பு வலியை மறக்கச் செய்யலாம். கிருமியை அது கொல்லாது.

அளவு அறிதல்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.' நோய்க்கு முதல் மருந்து உறக்கம். இரவில் கண்ணில் படும் ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைக் குறைத்துவிடும். கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் துணுக்குப் படங்களும் நாம் சொல்லும் பழைய படங்களைப் போன்றவையல்ல. அங்கே ஒவ்வொன்றும் புதிது, முடிவே இல்லாதது. மனம் இளைப்பாற அங்கே இடமில்லை. எனவே பழைய படம் ஒன்று, தாழ்ந்த ஒலி, இடையில் தூக்கம் என்பதே ஏற்ற முறை. அன்னையருக்கும் ஒரு குறிப்பு: பழைய படம் அலுத்து, "புதிதாக ஏதாவது போடுங்கள்" என்று மகள் கேட்கத் தொடங்கினால், தெம்பு திரும்புகிறது என்று எண்ணலாம். அப்போது வீட்டுப்பாடத்தை நினைவூட்டலாம்!

புனித கிளாரா காட்டும் பாடம்

தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் அசிசி நகரத்துப் புனித கிளாரா. பல ஆண்டுகள் நோயுற்றிருந்த அவர், 1252-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஆலயம் செல்ல இயலாமல் படுக்கையில் தனித்திருந்தார். அப்போது தொலைவிலிருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது வரலாறு. இதனாலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

நோயாளி ஒருவர் சுவரில் எதைத் தேடுகிறார் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. அவர் தேடுவது பொழுதுபோக்கை அன்று, தாம் பிரிந்திருக்கும் கூட்டத்தை. அந்த இரவில் கிளாரா தேடியது தம் சகோதரிகள் கூடியிருந்த வழிபாட்டை. காய்ச்சலில் நாம் தேடுவது, அப்பா அம்மாவின் நடுவில் அமர்ந்து அதே படத்தைப் பார்த்துச் சிரித்த மாலையை. படத்தோடு சேர்ந்து அந்த மாலையும் திரும்பி வருகிறது.

நமக்குக் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும். ஆனால் நம் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருக்கும் பாட்டிமார், தாத்தாமார் உண்டு. அவர்கள் காலையில் தொலைக்காட்சித் திருப்பலியும் மாலையில் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த படமும் கேட்கும்போது, "மறுபடியும் அதுதானா?" என்ற சொல் நம் நாவில் எழலாகாது. அதற்கான காரணத்தை இப்போது நாம் அறிவோம். நோயுற்றோரைச் சந்திப்பது திருச்சபை கற்பிக்கும் இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று. அதற்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. கூடத்துக் கட்டிலின் ஓரத்தில் அரைமணி நேரம் அமர்ந்து, அந்தப் பழைய படத்தை அவர்களுடன் சேர்ந்து பார்த்தாலே போதும். சிரிக்கும் இடம் வருமுன்பே அவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். நாமும் உடன் சிரிப்போமாக!