இரண்டு பாதி ரிம், ஒரு டயர்

ஒரகடம் அப்போலோ ஆலையின் லாரி டயர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பொம்மைச் சக்கரம். செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் இறக்கைக்குக் கீழே உருளும் இரண்டில் ஒன்று. ரிம் குறுக்களவு 6 அங்குலம்தான். ஸ்கூட்டருக்கே 10 அங்குலம். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட விமானம் தரை இறங்கும்போது, அதுவரை சுழலாமல் இருந்த இந்த டயர் ஓடுபாதையைத் தொட்டதுமே முழு வேகம் பிடித்தாக வேண்டும்.

ரிம்மின் இரு பாதிகளையும் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனியுங்கள். காற்றை முழுதாக இறக்காமல் இவற்றைக் கழற்றினால் ரிம் வெடித்துச் சிதறி ஆளையே கொன்றுவிடும். டியூபுக்கு டால்கம் பவுடர் பூசி, டயரின் சிவப்புப் புள்ளி வால்வுக்கு நேரே வரும்படி பூட்டுவார்கள். டயரில் எடை குறைந்த இடம் அந்தப் புள்ளி.

பிரேக்கில் ஒரே டிஸ்க், இருபுறமும் பேட். காற்றுக்குமிழை வெளியேற்ற, ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். அது சிவப்பு நிற மினரல் ஆயில். கார் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

விமான டயர் நம் ஊர் நிறுவனத்துக்கும் புதிதல்ல. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப்., பின்னாளில் சுகோய்-30 போர் விமானத்துக்கே டயர் செய்தது.