வலையில் கூடிய ஊரும் வராத ஊராரும்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தன் அகவை நிறைவைக் கொண்டாடும் யாழ் இணையம், 1998 இல் தொடங்கியதாகத் தன் ஆண்டுகளைக் கணக்கிட்டு வருவதோடு, ஈழத்தமிழர் எழுத்தின் வழியே கூடிப் பேசிய இடங்களுள் மிக நீண்ட காலம் நிலைத்தவற்றில் ஒன்றாகவும் விளங்குகிறது. மோகன் என்ற பெயரால் உறுப்பினர்கள் அறிந்திருக்கும் நிறுவுநர் புலம்பெயர் மண்ணிலிருந்து தொடங்கிய அத்தளத்தின் உயிர்நிலை அதன் கருத்துக்களம் ஆகும். கருத்துக்களம் என்பது, பதிவு செய்துகொண்ட எவரும் ஒரு பொருளைத் தொடங்கிவைக்கவும், அதன் கீழ் மற்றவர்கள் தத்தம் வசதியான நேரத்தில் வந்து மறுமொழி எழுதவும், எழுதியவை அழியாமல் வரிசையாகச் சேர்ந்து நிற்கவும் இடமளிக்கும் இணையத்தளத்தைக் குறிக்கும். அத்தகைய தளம் வளர்வதற்கு எவை காரணமாயின என்பதையும், அதில் இடைவிடாது பேசப்பட்ட வன்னிப் பெருநிலத்து மக்கள் பேசுவோராக ஏன் அங்கு இருக்கவில்லை என்பதையும் இப்பகுதி ஆராய்கிறது.

கணினிவழிப் பொது உரையாடல் தமிழரால் தொடங்கப்பட்டதன்று. 1978 இல் சிக்காகோ நகரில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூசும் தொலைபேசி இணைப்பின் மூலம் செய்தி எழுதிவைக்கும் முதல் அறிவிப்புப் பலகையை இயக்கினர். அடுத்த சில ஆண்டுகளில் யூஸ்நெற் எனப்படும் செய்திக்குழு வலையமைப்பு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடையே பரவியது. தமிழ்ப் பண்பாட்டுக்கென அமைந்த செய்திக்குழுவும் அதில் பின்னர் இயங்கியதாயினும், அங்கு நிகழ்ந்த உரையாடலின் பெரும்பகுதி ஆங்கிலத்திலோ, உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட தமிழிலோ நடந்தது. தமிழ் எழுத்திலேயே பலர் தமக்குள் உரையாடும் நிலை, மலேசியாவிற் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை 1995 இல் தொடங்கிய தமிழ்.நெற் மின்னஞ்சற் குழுவோடு கைகூடியது. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் அக்குழுவினரின் எழுதுகோலாக அமைந்தது. 1998 பொங்கல் நாளில் சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டமும் அத்தகைய மின்னஞ்சல் உறவுகளின் ஊடாகத் திரண்ட தன்னார்வலர்களின் உழைப்பினாலேயே வளர்ந்தது.

ஆயினும் எழுத்து என்னும் தடை எளிதில் நீங்கவில்லை. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வகுக்கும் ஒழுங்கு குறியேற்றம் எனப்படும். தொண்ணூறுகளில் வெளிவந்த தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை என்பதோடு, ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி ஏற்றியவை ஆகையால், ஓர் எழுத்துருவில் எழுதியதை அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கலே திரையில் தோன்றும். ஈழத்தமிழரிடையே பரவலாக வழங்கியது பாமினி எழுத்துரு. தமிழ்த் தட்டச்சுப்பொறிப் பழக்கத்தை ஒட்டிய அதன் விசையமைப்பு, ஊரில் தட்டச்சுப் பயின்று வெளிநாடு சென்றோருக்கு உவப்பாக இருந்தது. ஆனால் அந்த விசைகளை அறியாத இளைய தலைமுறையினர் தமிழில் எழுத இயலாமல் ஒதுங்கினர். அது மட்டுமன்றி, அவ்வாறு எழுதப்பட்ட எதையும் தேடுபொறிகளால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

இத்தடையை நீக்கிய ஒருங்குறி, உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் பொதுக் குறியேற்றமாகும். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழுக்கு ஆதரவு அளித்து, அதன் வழிவந்த பதிப்புகள் வீட்டுக் கணினிகளுக்குப் பரவிய பின்னரே பொதுமக்கள் அதன் பயனை உணர்ந்தனர். இவ்விடைக்காலத்தில் சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாக வழங்கிய எழுத்துரு மாற்றிகள் ஆற்றிய பணி, தமிழ்க் கணிமை வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. பாமினி விசைகளில் பழகியவரும், ஆங்கில ஒலிப்புமுறையில் தட்டுபவரும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒருங்குறியாகப் பெற்று, கருத்துக்களத்தில் ஒட்டலாம் என்ற வசதி, ஐம்பது அகவையினரையும் இருபது அகவையினரையும் ஒரே உரையாடலுக்குள் கொண்டுவந்தது. கருத்துக்களங்களின் பெருக்கத்திற்கு அரசியற் சூழலே முதற் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அந்தச் சூழலைத் தமிழில் எழுதவைத்த கருவிகளின் பங்கு அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

யாழ் களத்தின் உள்ளமைப்பும் கவனத்திற்குரியது. ஒரு தலைப்பும் அதன் கீழ்த் தொடரும் மறுமொழிகளும் சேர்ந்தது திரி எனப்படுகிறது. புதிய மறுமொழி பெற்ற திரி பட்டியலின் உச்சிக்கு ஏறும் என்பது இவ்வகை மென்பொருள்களின் அடிப்படை விதி. அதனால், சண்டை மூண்ட திரி நாட்கணக்கில் மேலேயே நிற்க, உழைத்து எழுதிய கட்டுரை பாராட்டுச் சொற்கள் சிலவற்றோடு கீழிறங்கிவிடும். இந்த இயல்பை அறிந்து தடுத்தாள்வதே மட்டுறுத்துனர்களின் வேலை. ஊதியமின்றி, வெவ்வேறு நாடுகளின் நேரங்களில் விழித்திருந்து, தனிமனிதத் தாக்குதல்களை நீக்கி, எல்லை மீறிய திரிகளைப் பூட்டி, எச்சரிக்கை வழங்கி, அதற்காக இரு தரப்பினரிடமும் ஏச்சு வாங்கிய அவர்கள் இல்லையேல் எந்தக் கருத்துக்களமும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியிராது.

புதிதாகச் சேர்பவர் யாழ் அரிச்சுவடி என்னும் பகுதியில் தம்மைத் தமிழில் அறிமுகம் செய்து எழுதிப் பழகிய பின்னரே ஏனைய பகுதிகளுக்குள் நுழையலாம் என்ற ஏற்பாடு, விளம்பரக்காரரை வடிகட்டியதோடு, தமிழில் எழுதத் தயங்கியவர்களுக்குப் பள்ளியாகவும் அமைந்தது. ஊர்ச் செய்திகளுக்கு ஊர்ப்புதினம், உலகச் செய்திகளுக்கு உலக நடப்பு, படைப்புகளுக்குக் கதை கதையாம், சிறு அரட்டைக்குத் திண்ணை எனப் பகுதிகள் பிரிந்தன. உலகக்கிண்ணத் துடுப்பாட்டக் காலங்களில் முடிவுகளை முன்கூட்டிக் கணிக்கும் போட்டிகளும் நடந்தன. அரசியலில் ஒருவரோடொருவர் பேசாத உறுப்பினர்கள் அங்கு கலகலப்பாகப் பேசினர். நல்ல பதிவுக்கு வழங்கும் பாராட்டுப் புள்ளி கள வழக்கில் ‘பச்சை’ என்றே அறியப்பட்டது. உறுப்பினரை ‘உறவுகள்’ என்றழைக்கும் வழக்கமும் அங்கு வேரூன்றியது. பெரும்பாலானோர் புனைபெயரிலேயே எழுதினர். ஊரில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருக்கையில் சொந்தப் பெயரில் அரசியல் எழுதுவது அவர்களுக்குத் தீங்காக முடியலாம் என்ற அச்சம் அதற்குப் போதிய காரணமாக இருந்தது.

இனி, பேசப்பட்ட நிலத்தை ஓர் ஊரைச் சான்றாகக் கொண்டு நோக்க வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தின் உருத்திரபுரம், இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் விரிந்த, பழைமையான சிவன் கோயிலைக் கொண்ட குடியேற்றக் கிராமம். வன்னியின் ஏனைய கிராமங்களைப் போல அங்கும் பொதுப் பேச்சு சனசமூக நிலையத்திலும், வாசிகசாலை வாங்கிலும், கமக்காரர் கூட்டங்களிலும், கோயில் வீதியிலும் நிகழ்ந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வன்னிக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலங்களும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 1996 இல் இலங்கை இராணுவத்தின் சத்ஜெய படை நடவடிக்கையின்போது கிளிநொச்சி நகரும் அதன் அயலும் இடம்பெயர்ந்தன. 1998 செப்ரெம்பரில் நகரம் மீண்டும் கைமாறியது. யாழ் இணையம் தன் முதலாண்டைக் கடந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், அதில் விவாதிக்கப்பட்ட மண்ணின் மக்கள் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வாழ்ந்தனர் என்பதை மனத்தில் இருத்தாமல் அக்காலத்து எழுத்தை வாசிப்பது முறையாகாது.

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் நிலைமை ஓரளவு மாறியது. புலம்பெயர்ந்தோர் விடுமுறைக்கு ஊர் வந்து, கண்டதைத் திரும்பிச் சென்று எழுதினர். கிளிநொச்சி நகரில் இணைய இணைப்பும் வந்துசேர்ந்தது. எனினும் நகரத்திற்கு அப்பால், மின்கம்பமே நடப்படாத கிராமத்தில் வாழ்ந்த கமக்காரருக்கோ, பள்ளி மாணவிக்கோ ஒரு திரியில் பதில் எழுதும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. 2007 யூனில், முன்கூறிய மின்னஞ்சற் குழுவின் வேறான தமிழ்நெற் செய்தித்தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. வாசிப்பதே கண்காணிக்கப்படும் என்ற அச்சம் ஊரில் இருந்தோரை மேலும் பின்வாங்கச் செய்தது.

மீண்டும் மூண்ட போர் நெருங்கிவர, 2008 இன் பிற்பகுதியில் உருத்திரபுரத்து மக்கள் மீண்டும் புறப்பட்டு, முல்லைத்தீவுக் கரை நோக்கி ஒதுங்கினர். 2009 சனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குச் சென்றது. அதற்குப் பிந்திய மாதங்களில் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்திலும், மே 10 இல் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையிலும் தமிழர் திரண்டபோது, கருத்துக்களங்கள் அழுகையும் சினமும் நம்பிக்கையும் ஒருங்கே கொட்டப்பட்ட இடங்களாயின. போரில் தப்பியோர் வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களைப் பற்றி ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து எழுதியோரின் வலி உண்மையானது. ஆனால் எழுதப்பட்ட அந்த வரலாற்றில் பதுங்குகுழிக்குள் இருந்தவரின் கையெழுத்து இல்லை. இந்தக் குறை எவருடைய கெடுநோக்காலும் நேர்ந்ததன்று என்றாலும், குறை குறைதான்.

மீள்குடியேற்றத்தின் பின் மின்சாரமும் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் வன்னிக்கு வந்தன. மக்கள் இணையத்திற்குள் நுழைந்தபோது அவர்களது வாசல் கணினியன்று, கைபேசி. அவர்கள் சென்றடைந்ததும் கருத்துக்களமன்று, முகநூலும் வைபரும் வற்சப்பும். நீண்ட பத்திகளை எழுதி, மேற்கோள் காட்டி மறுத்துரைக்கும் கருத்துக்கள மரபு உலகெங்கும் தளர்ந்துகொண்டிருந்த வேளை அது. உருத்திரபுரத்திலிருந்து உலகின் பல நகரங்களுக்குப் பிரிந்த உறவுகள் இன்று வற்சப் குழுக்களில் கோயில் திருவிழாவையும் பள்ளிக் கட்டடத்தையும் வாய்க்கால் திருத்தத்தையும் பேசுகின்றனர். பேச்சில் ஊரார் முதன்முறையாகச் சமபங்கு பெற்றுள்ளனர். ஆயினும் அப்பேச்சு குழுவிற்கு வெளியே எவருக்கும் தெரியாது, தேடினால் கிடைக்காது, கைபேசி பழுதானால் பலருக்கு அதுவும் போய்விடும்.

ஆகவே காப்பு வேலை இரு முனைகளில் நடக்க வேண்டியுள்ளது. யாழ் களத்தின் பழைய திரிகளில் இணைக்கப்பட்ட படங்கள், அவற்றை ஏற்றிவைத்த பிற தளங்கள் மூடப்படுவதால் மறையும் இடரில் உள்ளன. மென்பொருள் மாறும்போதெல்லாம் பழைய முகவரிகளும் உடைகின்றன. உறுப்பினருக்கு மட்டும் திறக்கும் பகுதிகளை இணையக் காப்பகங்கள் எட்டுவதில்லை. மறுமுனையில், 2009 ஐக் கடந்து வந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கையில், அவர்களது வாய்மொழியைப் பதிவுசெய்து, அந்தத் திரிகளோடு ஒப்பவைத்து வாசிக்கத்தக்க வடிவில் பேணுவது கிராமப் பள்ளிகளும் சனசமூக நிலையங்களும் மேற்கொள்ளக்கூடிய பணியே. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து அச்சு ஆவணங்களுக்குச் செய்துவருவது அதற்கு அண்மையான முன்மாதிரி ஆகையால், அடுத்த பகுதி அதன் தோற்றத்தையும் பணிமுறையையும் எடுத்துக்கொள்கிறது.