மூவாயிரம் ரிங்கிட்டில் ஒரு கேமிங் கணினி

மூவாயிரம் ரிங்கிட்டுக்குள் நல்ல கேமிங் கணினி ஒன்றைக் கட்ட முடியுமா? வானொலியில் வேலை செய்வதால் என்னிடம் பாட்டு கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால், அலுவலகத்தில் ஒலித் தொகுப்புக் கணினி மக்கர் செய்தால் திருகாணியைக் கழற்றிப் பார்க்கிற ஆள் நான்தான் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கேள்வியும் வருகிறது. முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் மானிட்டர், விசைப்பலகை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டுமென்றால், எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

2025 ஜூன் மாதம் இந்தக் கணக்கை என் அக்கா மகனோடு உட்கார்ந்து போட்டேன். எஸ்பிஎம் முடிந்த கையோடு கிள்ளானில் ஒரு பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று மாதத்தில் 2,200 ரிங்கிட் சேர்த்திருந்தான். முப்பரிமாண அனிமேஷன் டிப்ளோமா படிக்க இடமும் கிடைத்திருந்தது. மீதி 800 ரிங்கிட்டைத் தருவதாக அத்தான் சொன்னார், இரண்டு நிபந்தனைகளோடு. கணினி படிப்புக்கும் உதவ வேண்டும்; ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும். “கேம் விளையாட மூவாயிரம் வெள்ளியா?” என்று அவர் கேட்டதில் தப்பில்லை. கிடங்கில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற மனிதர். மூவாயிரம் என்பது எத்தனை நாள் உழைப்பு என்று அவருக்குத்தான் தெரியும்.

மடிக்கணினியே வாங்கிவிடலாமே என்றார் அக்கா. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். இவன் தினமும் வீட்டிலிருந்து போய் வரப்போகிறவன். கல்லூரியில் கணினிக் கூடமும் உண்டு. மேசைக் கணினியில் ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். மூன்று ஆண்டு கழித்து கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை என்றால் அதை மட்டும் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். மடிக்கணினியில் அது நடக்காது.

இதற்கிடையில் அத்தான் இணையத்தில் ஒரு விளம்பரத்தைப் பிடித்துவிட்டார். ‘கோர் ஐ7 கேமிங் செட்’. கண்ணாடிப் பெட்டி, வானவில் விளக்கு, விலையும் மலிவு. “ரெடியாவே இருக்கு, எதுக்கு அலையணும்?” என்றார். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பையன்தான் படித்தான். “சித்தி, இது ஃபோர்த் ஜென். ரொம்பப் பழசு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டும்தான். அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை. சந்தைக்கு வந்தது 2013இல். இன்றைய சாதாரண ஐ3கூட அதை முந்திவிடும். விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அந்த செட்டில் இருந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு 2016ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பவர் சப்ளை என்ன மாடல் என்று எங்குமே போடவில்லை. விளக்குகள் மட்டும்தான் புதிது. அத்தானிடம் கார் கணக்கில் சொன்னேன்: பழைய வண்டிக்குப் புது பெயிண்ட். உடனே புரிந்துகொண்டார்.

பாதிப் பணம் எங்கே போகிறது?

கேமிங் கணினியில் பெரிய செலவு கிராஃபிக்ஸ் கார்டுதான். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் பாதிவரைகூட அதற்கே போகும், போகவும் வேண்டும். இவன் விஷயத்தில் சிக்கல் வேறு. விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போதும். 8 ஜிபி நினைவகம், 132 வாட், விலையும் குறைவு. ஆனால், அவன் படிக்கப்போவது அனிமேஷன். பிளெண்டர் மென்பொருளில் காட்சிகளை ரெண்டர் செய்யும்போது என்விடியா கார்டுகள் தெளிவாக முன்னால் நிற்கின்றன. அதனால் 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060. அன்றைய விலை 1,199 ரிங்கிட். ஏஎம்டி கார்டைவிட ஏறக்குறைய முந்நூறு ரிங்கிட் அதிகம்.

அந்த முந்நூறை எங்கிருந்து எடுப்பது? ஒருவர் பயன்படுத்திய 3060 எண்ணூறுக்குக் கிடைத்தது. பையனுக்கு ஆசை. எனக்கும் சபலம்தான். ஆனால் அந்தக் கார்டு முன்பு மின்னியல் நாணயச் சுரங்கத்தில் இரவு பகலாக ஓடியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கடையில் வாங்கி ஏமாந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட்வரை இழப்பீடு கேட்கலாம். தனிநபரிடம் கைமாறிய பொருளுக்கு அந்த வழி கிடையாது. மூன்று மாதச் சேமிப்பை அப்படிப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. புதிதே வாங்கினோம், மற்ற இடங்களில் வெட்டினோம்.

செயலி ரைசன் 5 5600, 419 ரிங்கிட். ஆறு கோர், பெட்டிக்குள்ளேயே குளிர்விக்கும் விசிறியும் வரும். மதர்போர்டில்தான் நன்றாக மிச்சம் பிடித்தோம். ஏ520 வகை, 265 ரிங்கிட். இதில் செயலியின் வேகத்தைக் கூட்ட முடியாது. அவனுக்கு அது தேவையும் இல்லை. ரேம் 16 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபியாக இரண்டு, 139. இரண்டாக இருந்தால் செயலிக்கு இரட்டைப் பாதை கிடைக்கும். ஒரு டிபி எஸ்எஸ்டி 245. பாதி அளவு வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் இன்றைய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தின்கிறது. கேசிங் 129. முன்பக்கம் வலையாக இருந்து மூன்று விசிறி இருந்தால் போதும். நம் ஊர் வெக்கையில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டி அடுப்பு மாதிரிதான். மானிட்டர் 24 அங்குலம், 345. விசைப்பலகையும் மௌசும் சேர்த்து 55. எல்லாம் கூட்டினால் வருவது, பவர் சப்ளையின் 199ஐயும் சேர்த்து, 2,995.

அந்தப் பவர் சப்ளைக்குத்தான் நான் மிகவும் பிடிவாதம் பிடித்தேன். பேர் தெரியாத சரக்கு எண்பதுக்கே கிடைக்கும். ஓடும், ஒருநாள் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே கொண்டுபோனாலும் போகும். பெட்டியில் ‘80 பிளஸ்’ முத்திரை இருப்பது மட்டும் போதாது. அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான அளவுகோல், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை. தெரிந்த நிறுவனமா, மாடல் எண் என்ன, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பார்க்க வேண்டும். 3060க்கு என்விடியாவே சொல்லும் அளவு 550 வாட். அதையே எடுத்தோம்.

வாங்கியது லோ யாட் பிளாசாவில். கிள்ளானிலிருந்து கேடிஎம், கேஎல் சென்ட்ரலில் மாறி மோனோரயில், இம்பி நிலையத்தில் இறங்கி நடை. இணையக் கடைகளின் விலையை முன்பே கைப்பேசியில் எடுத்து வைத்திருந்ததால் பேரம் சுலபமாக முடிந்தது. கடைக்காரர்கள் முதலில் பையனிடம்தான் பேசினார்கள். பவர் சப்ளையின் மாடல் எண்ணை நான் கேட்ட பிறகு என் பக்கம் திரும்பினார்கள். பழகிவிட்டது. கார்டின் பெட்டியில் உள்ளூர் விநியோகிப்பாளரின் உத்தரவாத ஒட்டுவில்லை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு பழுதானால் முதலில் கேட்பது அதைத்தான்.

சாப்பாட்டு மேசையில்

பூட்டித் தர கடைக்காரர்கள் தயார்தான். அவன் தானே பூட்டுவேன் என்றான். சாப்பாட்டு மேசையில் நான்கு மணி நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ‘கேசிங் உலோகத்தை அப்பப்போ தொட்டுக்கோ’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். இந்த வகைச் செயலியில் ஊசிகள் அடிப்பக்கம் இருக்கும். மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. ரேம் குச்சிகள் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில்.

பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, திரை இருட்டு. அத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் முகம் வெளிறிவிட்டது. எச்டிஎம்ஐ கம்பியை மதர்போர்டில் சொருகியிருந்தான். 5600க்கு உள்ளே படம் காட்டும் சில்லு கிடையாது. கம்பி கிராஃபிக்ஸ் கார்டில்தான் போக வேண்டும். மாற்றிச் சொருகியதும் படம் வந்தது. பிறகு பயாஸில் போய் ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பைத் திறந்தோம். அதைச் செய்யாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2666இல் ஓட்டிக்கொண்டிருப்போம். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது.

மின்கட்டணக் கணக்கை அத்தானே போட்டார். விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 300 வாட் என்று வைத்தால், தினம் மூன்று மணி நேரம், மாதம் 27 யூனிட். “பரவாயில்ல” என்றார். மறுநாள் மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகை ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்து வைத்தார். மாலை இடி இடிக்கிற ஊரில் அது அவசியம். இடிச் சத்தம் கேட்டால் மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றுவது இன்னும் நல்லது.

பட்ஜெட்டில் அடங்காமல் போனது விண்டோஸ் உரிமம். இணையத்தில் இருபது ரிங்கிட்டுக்கு விற்கும் உரிமக் குறியீடுகள் யாருடையவை, எப்போது முடக்கப்படும் என்று விற்பவருக்கே தெரியாது. அவன் விடுமுறை வேலையின் சம்பளத்தில் முறையாக வாங்கிக்கொண்டான்.

இதே பட்டியலை இன்று கையில் எடுத்துப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 139 ரிங்கிட்டுக்கு அந்த ரேம் இப்போது கிடைக்காது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் கடைசி மாதங்களில் விலை மளமளவென ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனர்களுக்கான தன் குரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே ரேம், எஸ்எஸ்டி விலையை முதலில் விசாரித்துவிட்டு மற்றவற்றுக்கு ஒதுக்குங்கள். பயன்படுத்திய பொருளே வேண்டாம் என்ற நான், டிடிஆர்4 ரேமுக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன். அதில் தேய்வதற்கு எதுவும் இல்லை. கண் முன்னே பூட்டிச் சோதித்துவிட்டு வாங்கலாம்.

ரசீதுகளை அத்தான் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அவை வெப்பத்தாளில் அச்சானவை, ஓராண்டில் வெள்ளைத் தாளாகிவிடும். உத்தரவாதமோ மூன்று ஆண்டு. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.