கியர் விழவில்லையா, முதலில் இன்ஜினை அணையுங்கள்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவே புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்துவிட்டது. மழை மட்டும் திருவண்ணாமலையை விட்டு நகரவில்லை. வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண் சரிந்து ஏழு பேர் உயிரைக் கொண்டுபோன நாள் அது. போளூரில் லோடு இறக்கிவிட்டு என் பிக்கப்பில் திரும்பி வந்தேன். எங்கள் தெருவில் முழங்கால் தாண்டித் தண்ணீர். வேறு வழி தெரியாமல், சூடாக ஓடிவந்த வண்டியை அப்படியே தண்ணீரில் இறக்கி வாசலில் நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. சாவியைத் திருகியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிளட்சை மிதித்து முதல் கியருக்கு லிவரைத் தள்ளினேன்; கல்லில் முட்டியதுபோல நின்றது. பலம் கொடுத்தேன், கரகரவென்று பல் உரசியது.

கார்த்திகை தீபத்துக்குச் சரியாகப் பத்து நாள். கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிற நான்கு இடங்களுக்குக் காய்கறி கொண்டுவந்து சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். செங்கம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கியர் விழ மாட்டேங்குது. பாக்ஸை இறக்கணுமா?"

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பார்த்தியா?"

"இல்லண்ணே."

"அதைப் பார்த்துட்டு அப்புறம் பேசு தம்பி."

கியர் இறுகிப்போன எந்த வண்டிக்கும் முதல் வேலை இதுதான். சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மேல்தான். மிதித்தும் அது இன்ஜினை முழுதாக விடுவிக்கவில்லை. அணைத்திருக்கும்போதே லிவர் இறுக்கமாக இருந்தால் கோளாறு லிவர், கேபிள், ராடு, கியர் பாக்ஸ் என்கிற வழியில் எங்கோ இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டு, பிறகு கிளட்சில் வெறும் காற்று ஏறியிருந்தது என்று தெரிந்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

கிளட்ச்தானா என்று உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. இன்ஜின் நியூட்ரலில் ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான சரக்கு வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது. அதனால் உள்ளே ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால் உடனே கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அந்த ஐந்து வினாடியில் எல்லாம் நின்று, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும்.

என் வண்டி இரண்டு சோதனையிலும் மாட்டியது. இன்ஜின் ஓடும்போது சுத்தமாக விழவில்லை. அணைத்தபோதும் பழைய வழுவழுப்பு இல்லை. ஆக, கோளாறு ஒன்றல்ல.

சிங்க்ரோ ரிங் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒன்றோடொன்று சேர வேண்டிய இரண்டு பாகமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் சிறிய பித்தளை வளையம் உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பல்லோடு பல் சேரும். 1928இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. சிங்க்ரோ இல்லாத பழைய லாரிகளை ஓட்டியவர்கள் டபுள் கிளட்ச் அடித்தார்கள்: கியர் இறக்கும்போது ஒரு முறை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டர் ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கியர். நாம் லிவரை மல்லுக்கட்டித் தள்ளும்போது தேய்வது அந்தப் பித்தளை வளையம். இன்னும் பலம் போட்டால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளையும். தயவுசெய்து தள்ளாதீர்கள்.

இனி கிளட்ச். ஸ்பேனரைத் தொடும் முன் பெடலுக்கு அடியில் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வாங்கிப் போட்ட தடிமனான மேட் மடங்கிக் கிடந்தாலோ, தண்ணீர் பாட்டில் உருண்டு அடியில் போயிருந்தாலோ பெடல் அடிவரை போகாது, கியரும் விழாது. அடுத்து பெடலைக் கையால் அமுக்குங்கள். முதலில் கொஞ்ச தூரம் லூசாகப் போய், அதன் பிறகே எதிர்ப்பு தெரிய வேண்டும். அந்த லூசுக்குப் பெயர் ஃப்ரீ ப்ளே. எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். அதைவிட அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. கேபிள் கிளட்ச் என்றால் அட்ஜஸ்ட் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். கேபிள் இழை பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நடுரோட்டில் அறுந்தால் பெரும்பாடு.

என்னுடையது ஹைட்ராலிக். பானட்டைத் திறந்தால் கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. அந்த ஆயில் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைப் பார்த்தேன். ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே சேறு. மூடியை விலக்கியதும் ஆயில் விரலில் ஒழுகியது. புது ஸ்லேவ் சிலிண்டர் வாங்கிப் போட்டேன். மாஸ்டர் சிலிண்டரில் கசிவு இருந்தால் பெடலுக்கு மேலே, வண்டிக்குள்ளேயே ஈரம் தெரியும்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு ஆள் தேவை. தம்பியைப் பெடலில் உட்காரவைத்தேன். டப்பாவில் கையேட்டில் சொன்னபடி டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை நிரப்புங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவையுங்கள். மேலே இருப்பவர் நாலைந்து முறை மிதித்து, கடைசியில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தால் ஆயிலோடு குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முறை தவறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். "புடி", "விடு" என்று நாங்கள் கத்தியதில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினாறாவது தடவையில் குமிழி நின்றது. நடுநடுவே டப்பாவை நிரப்ப மறக்காதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

இப்போது ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. ஆனால் இரண்டாவது கியரில் மட்டும் இன்னும் ஒரு பிசுபிசுப்பு.

லிவரின் அடி புஷ், கேபிள் அல்லது ராடு சேரும் முனைகள் எல்லாவற்றிலும் சேறு காய்ந்து கிடந்தது. துடைத்து கிரீஸ் வைத்தேன். தேய்ந்த புஷ்ஷை மாற்றுவது சில்லறை வேலை. அதற்கும் பிசுபிசுப்பு போகாததால் கியர் ஆயிலுக்குப் போனேன்.

வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்குங்கள். அடியில் இறங்குவதற்கு ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். முதலில் திறக்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் போல்ட். அது துருப்பிடித்துத் திறக்க வராத நிலையில், அடி போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டால் புது ஆயில் ஊற்ற வழியிருக்காது. என்னுடையது திறந்தது. அடி போல்ட்டையும் கழற்றினேன். தட்டில் விழுந்தது கேழ்வரகுக் கூழில் மோர் விட்டது போல இருந்தது. தண்ணீர்.

கியர் பாக்ஸின் மேல் மூச்சு விடும் சிறிய துளை ஒன்று உண்டு. சூடான பாக்ஸ் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்ததை இழுக்கும். நான் சூடாக இறக்கியதன் விலை அது. அடி போல்ட்டின் காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிற விழுதாக இருந்தால் இயல்பான தேய்மானம். ஆயிலில் பித்தளைப் பொடி மினுங்கினால் சிங்க்ரோ ரிங் கரைகிறது. பல் துண்டு கிடைத்தால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். என் காந்தத்தில் விழுது மட்டுமே.

புது ஆயில் வாங்கும்போது கடையில் கிடைப்பதை வாங்காதீர்கள். என் வண்டிக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்-4. ஜி.எல்-5 இன்னும் உசத்தி என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அது பின் ஆக்சிலின் கிரவுனுக்கு நல்லது. ஆனால் அதில் அதிகம் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் மருந்து சில சமயம் பித்தளையை அரிக்கும். வழுக்கல் கூடிப்போய் சிங்க்ரோ பிடிக்காமலும் போகலாம். கையேடு ஜி.எல்-4 என்றால் ஜி.எல்-4தான். பக்கத் துளையின் கீழ் விளிம்பில் ததும்பி வழிகிற வரை ஊற்றி, போல்ட்டை மூடுங்கள்.

இவ்வளவு செய்தும் விழவில்லையென்றால் தண்ணீரில் நின்ற கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டியிருக்கலாம், பைலட் பேரிங் பிடித்திருக்கலாம், பிரஷர் பிளேட் போயிருக்கலாம். அதற்குப் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அது பட்டறை வேலை. பௌர்ணமி நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்தே பழகிய எங்கள் ஊர் வண்டிகளில் பிளேட் சீக்கிரம் போவது சகஜம். ஓய்வுக்குப் பெடலையே நாடுகிறவர்கள் காலைப் பக்கத்தில் தரையில் வையுங்கள்.

12ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தரிக்காயும் பூசணியும் ஏற்றிக்கொண்டு ஈசான்ய லிங்கம் பக்கம் போனேன். இரண்டாவது கியர் ஒரு விரலுக்கு விழுந்தது. தீபம் முடிந்து, 500 கி.மீ. ஓடியபின் அதே ஆயிலை மறுபடி வடித்தேன். மூலை முடுக்கில் தங்கிய தண்ணீர் ஒரே தடவையில் போகாது. அந்த முறை தட்டில் விழுந்தது டீ டிகாஷன் நிறம், லேசான மங்கல். இரண்டாவது முறை ஊற்றியது இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.